கால் மட்டும் போதுமாம்

1976

செப்டம்பர் 6, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் உலரவில்லை. இவருடைய சட்டை, உஷாவின் யூனிஃபார்ம், என் நர்சிங் ஹோம் கோட்டு, எல்லாம் ஹீட்டர் முன்னால் நாற்காலி முதுகில். வீடு முழுக்க ஈர நாற்றம்.

செய்ய வேண்டியது:
உஷாவுக்குப் பல் டாக்டர், நாலு மணி.
துவரம்பருப்பு. சிட்டிக்குப் போனால்தான்.
திருச்சிக்கு மாமியாருக்குக் கடிதம். மூன்று வாரமாகத் தள்ளிப்போடுகிறேன்.
கல்லூரிக்குப் பதில். கோபம் ஆறின பிறகு.

ஆறவில்லை. கால் வைத்தியப் படிப்புக்கு (கைரோபடி என்கிறார்கள் இங்கே, பெயரை வேறு மாற்றப்போகிறார்களாம்) நான் போட்ட விண்ணப்பம் முழுமையாக இல்லையாம். என்ன குறை? ஒன்று, 1951இல் நான் படித்த இண்டர்மீடியட்டின் பாடத்திட்டம், அத்தாட்சிக் கையெழுத்துடன். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தின பாடத்திட்டத்தை எந்த மகராசன் பரணில் கட்டி வைத்திருப்பான். இரண்டு, எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதற்கு ஆதாரம். நான் இங்கிலீஷில் எழுதின மூன்று பக்கக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறார்கள். மூன்று, நாற்பத்து மூன்று வயதில் இந்தப் படிப்பு எதற்கு என்று ஒரு பக்கத்துக்கு மிகாத விளக்கம்.

ஒரு பக்கம் எப்படிப் போதும்? பி.எஸ்ஸி. விலங்கியல், பி.டி., பதினேழு வருஷம் பெண்கள் பள்ளியில் டீச்சர். தவளையின் காலைப் பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன். மெல்போர்னுக்கு வந்ததும் டீச்சர் வேலைக்கு அந்தப் பட்டங்கள் செல்லாது என்றார்கள். சரி என்று நர்சிங் ஹோமில் (இங்கே அது முதியோர் இல்லம்) உதவியாளராகச் சேர்ந்தேன். இரண்டரை வருஷமாகிறது. குளிப்பாட்டு, துடை, ஊட்டு, படுக்கையை மாற்று. அதற்கு யாரும் பட்டம் கேட்கவில்லை.

உஷாவுக்குப் பல்லில் ஓட்டை இல்லை. அது ஒன்றுதான் இன்றைக்கு நல்ல சேதி.

செப். 8, புதன்

குளிர். இவரிடம் இன்றுதான் சொன்னேன். விண்ணப்பம் போட்டதே இவருக்குத் தெரியாது. ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"காலுக்கா? காலுக்கு என்ன படிப்பு?"

"ஆணி, நகம், புண்ணு, எலும்பு வளைஞ்சு போறது. மூணு வருஷம்."

"நகம் வெட்ட மூணு வருஷமா? ஊர்ல அதுக்குன்னு ஆள் இருக்கான். ஒரு சாதியே இருக்கு."

"இருந்தா?"

"இருந்தாவா? அம்மாவுக்கு என்னன்னு எழுதுறது? டீச்சரா இருந்தவ இப்ப வெள்ளக்காரன் காலப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்னா?"

திருச்சி வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு ஒருவர் பெட்டியோடு வருவார். மாமனாருக்கு முடி வெட்டுவார், பிறகு இவருக்கு. கடைசியில் கால் நகம். இவர் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார். அவர் பெயர் என்ன என்று இவரிடம் கேட்டேன். யோசித்தார். தெரியவில்லை. இருபது வருஷம் வந்தவர்.

எனக்கும் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். எட்டு வருஷம் அவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்திருக்கிறேன், தனி டம்ளரில்.

இங்கே நான் கிழவர்களின் மலம் அள்ளுவதை இவர் ஊருக்கு "ஆஸ்பத்திரி வேலை" என்று எழுதியிருக்கிறார். அதில் மானம் போகவில்லை. நகம் வெட்டினால் போகிறதாம்.

உஷா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஃபீட்? யக்" என்றாள். பதினைந்து வயசு. இவள் காலை நான் கழுவாமல் யார் கழுவினது.

செப். 12, ஞாயிறு

ஞாயிறு ட்யூட்டி. பஸ் இல்லை, நடை. கொஞ்சம் வெயில்.

மிஸ்டர் டாய்ல். எண்பத்தொன்று. டிராம் கண்டக்டராக இருந்தவர், இன்னமும் வார்டுக்குள் யாராவது நுழைந்தால் டிக்கெட் கேட்பார். சர்க்கரை வியாதி, கால் மரத்துப்போய் வருஷக்கணக்காகிறது. இன்று சாக்ஸைக் கழற்றினால் தோலோடு சேர்ந்து வருகிறது. குதிகாலில் ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். ஷூவைக் கவிழ்த்து உதறினேன், உள்ளே ஒரு சட்டைப் பொத்தான். எத்தனை நாள் அதன் மேலேயே நடந்தாரோ. வலிக்கவில்லையா என்று கேட்டேன். "என்ன வலி?" என்றார்.

தலைமை நர்ஸிடம் ஓடினேன். "கைரோபடிஸ்ட் அடுத்த மாதம் வருவார். குறிப்பில் எழுதி வை. கால் உன் வேலை இல்லை."

அப்படியானால் குளிப்பாட்டும்போது முழங்காலோடு நிறுத்திக்கொள்ளட்டுமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டுப் போட்டேன். குறிப்பிலும் எழுதினேன், பெரிய எழுத்தில், கோடு போட்டு.

எங்கள் வார்டில் முப்பது பேர். அறுபது கால் இருக்க வேண்டும். ஐம்பத்தேழுதான் இருக்கிறது. வெட்டின மூன்றும் இப்படிச் சின்னதாக ஆரம்பித்ததுதான், யாரும் பார்க்காமல் விட்டதுதான். யாராவது ஒருத்தர் வாரம் ஒரு தடவை குனிந்து பார்த்தால் போதும். அந்த ஒருத்தராக நான் இருக்க வேண்டும். குனிந்து பார்க்கவும் கத்தி பிடிக்கவும் எனக்கு அதிகாரம் வேண்டும். கல்லூரிக்கு அந்த விளக்கத்தில் இதையே எழுதிவிட்டேன். ஒரு பக்கத்துக்கு மிகவில்லை.

செப். 17, வெள்ளி

சிட்டிக்குப் போன இடத்தில் பூத்திலிருந்து கல்லூரிக்கு ஃபோன். காற்றில் கதவு சாத்தமாட்டேன் என்கிறது.

அட்மிஷன் ஆபீஸ் பெண், செவிடிக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக, உரக்க. "உங்களுக்கு. நேர்முகத் தேர்வு. புரிகிறதா, லவ்?" புரிகிறது. "முப்பதாம் தேதி. வியாழன். பத்து மணி." புரிகிறது. "கூட யாராவது இங்கிலீஷ் தெரிந்தவர்களை அழைத்து வரலாம், லவ்."

எண்ணினேன். ஏழு லவ். இங்கே அது 'கண்ணு' என்பது மாதிரி.

பூத்துக்கு வெளியே காத்திருந்த ஆள் கண்ணாடியைத் தட்டினான். அவனை முறைத்ததில் கொஞ்சம் ஆறுதல்.

ஆனாலும் கூப்பிட்டுவிட்டார்கள். மொத்தமே கொஞ்சம் இடம்தானாம், அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரயிலில் அதே நினைப்பு. இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டு கிளென் வேவர்லி கடைசி வரைக்கும் போய்த் திரும்பினேன்.

செப். 25, சனி

தெருவே காலி. எல்லா வீட்டிலிருந்தும் கால்பந்துக் கூச்சல். இவரும் போய் பக்கத்து வீட்டுக்காரரோடு ரேடியோ முன் உட்கார்ந்துவிட்டார், விதி ஒன்றும் தெரியாது.

பரமேஸ்வரி வந்தாள். ந.ஹோமில் சலவைப் பிரிவு. யாழ்ப்பாணத்துக்காரி, என்னைவிட ஆறு வயசு இளையவள். இங்கே எனக்கு மனசு விட்டுப் பேச இருக்கிற ஒரே ஆள். என் செருப்பைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"சரோஜாக்கா, உதோட போகாதேங்கோ. சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கோ. அவையள் முதல் காலைத்தான் பாப்பினம், பிறகுதான் முகத்தை."

"புடவைக்கு ஷூவா?"

"ஓம், பின்ன? ஒரு நாளைக்குத்தானே."

கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கறுப்பு, மூடினது, அரை அங்குலக் குதி. என் அகலக் காலுக்கு அந்தக் கடையில் ஒன்றும் பொருந்தவில்லை. இருந்ததில் பெரியதை வாங்கினோம். வீட்டுக்குள் பத்து நிமிஷம் நடந்ததிலேயே சுண்டுவிரல் கத்துகிறது. கால் வைத்தியம் படிக்கப் போகிறவள் காலைக் கெடுக்கிற ஷூவில் போகிறேன். கேட்டால் மரியாதை என்பார்கள்.

"கடிக்கும்தான், பொறுங்கோ. சரி, நான் போயிட்டு வாறன்" என்று கிளம்பினாள் பரமேஸ்வரி. அவள் காலில் செருப்பு.

செப். 29, புதன்

நாளைக்கு.

பாதத்தில் இருபத்தாறு எலும்பு. காலையிலிருந்து அத்தனையும் ஒப்பித்தாயிற்று, காய் நறுக்கும்போதுகூட. மாம்பழ நிறப் புடவை வேண்டாம், சாம்பல் நிறம். சர்ட்டிபிகேட் கட்டு. பேனா இரண்டு.

இவர்: "கெடச்சாப் பாக்கலாம்." கிடைக்காது என்று அர்த்தம். கிடைக்கக் கூடாது என்றும்.

மி. டாய்லின் புண் நாற்றம் எடுக்கிறது. இன்றும் சொன்னேன். இன்றும் எழுதச் சொன்னார்கள்.

செப். 30, வியாழன்

இன்று நடந்ததை எழுதினால்தான் மனசு அடங்கும். வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்பது நாற்பதுக்கே போய்விட்டேன். கல்லூரியின் கால் கிளினிக் கட்டடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஹாலில் ஆளில்லை. ஒரு கதவு திறந்திருந்தது, வாசலில் ஐந்தாறு ஜோடி ஷூ வரிசையாக. எனக்கு வேறென்ன தோன்றும்? ஊரில் எந்த டாக்டர் அறைக்குள் செருப்போடு போயிருக்கிறேன்? கோவில், வீடு, டாக்டர், கழற்றியே பழகின கால். யோசிக்கவேயில்லை. புது ஷூவைக் கழற்றி அந்த வரிசையில் கடைசியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். சுண்டுவிரலுக்கும் நிம்மதி.

அது நோயாளிகள் அறை. அங்கே ஷூவைக் கழற்றுகிறவர்கள் நோயாளிகள் மட்டும்தான்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், பத்தொன்பது இருபது இருக்கும், செம்பட்டை முடி. சிரித்துக்கொண்டே வந்தாள், கையைப் பிடித்தாள், உயரமான நாற்காலியில் உட்காரவைத்தாள். காலுக்குக் கீழே துண்டு. நான் சர்ட்டிபிகேட் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெயரைச் சொன்னேன். பட்டியலில் பார்த்தாள், இல்லை, "பரவாயில்லை" என்றாள். காலைக் கழுவினாள். எத்தனை நாளாக வலி என்று கேட்டாள். சனிக்கிழமையிலிருந்து என்றேன், உண்மைதானே.

ஏன் வாயைத் திறக்கவில்லை? இதுவும் தேர்வில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டேன். நோயாளியின் இடத்தில் உட்கார வைத்துப் பார்க்கிறார்கள், பொறுமை இருக்கிறதா என்று. பரீட்சைக்கு வந்தவள் எதிர்க் கேள்வி கேட்கக் கூடாது, பதினேழு வருஷம் ஹாலில் நடந்து நடந்து மற்ற பிள்ளைகளுக்கு நான் சொன்னதுதான். முட்டாள். வடிகட்டின முட்டாள்.

மெட்டியைக் கழற்ற வருமா என்று கேட்டாள். வராது என்றேன். பிறகு கத்தியை எடுத்து சுண்டுவிரல் தடிப்பைச் சீவ ஆரம்பித்தாள். மென்மையான கைதான். ஆனால் எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவில்லை. இன்னொரு காலைப் பார்க்கவேயில்லை. நான் மனசுக்குள் அவளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து இருபதுக்கு ஒரு குமாஸ்தா வந்து என் பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டார். மாடியில் நான் வரவில்லை என்று எழுதியாயிற்றாம். அந்தப் பெண் முகம் சிவந்துபோனது. எழுந்து ஓடினேன், ஷூவை மறந்து, ஈரக் காலோடு, படியேறி.

மூன்று பேர். நரைத்த மீசை வைத்த தலைவர், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், எழுதிக்கொள்ள ஒருவர். குமாஸ்தா காதில் சொன்னதும் மூன்று பேரும் சிரித்தார்கள். தலைவர் மேஜையைச் சுற்றி வந்து, "பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு, குனிந்து என் காலைப் பார்த்தார். ரொம்ப நேரம். "விரல்கள் விரிந்திருப்பதைப் பாருங்கள்" என்று அந்த அம்மாளிடம் சொன்னார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன் நான்.

பிறகு கேள்விகள். எல்லா அறைக்கும் செருப்பைக் கழற்றுவீர்களா? கணவர் சம்மதித்துவிட்டாரா? சமையல்? முடிக்கும்போது நாற்பத்தாறு ஆகிவிடுமே, இதே இடத்தை இருபது வயதுப் பெண்ணுக்குக் கொடுத்தால் நாற்பது வருஷம் வேலை செய்வாளே?

"அவள் வந்தால் கல்யாணம், பிரசவம் என்று போய்விடுவாய் என்று அவளிடம் சொல்வீர்கள். எனக்கு அது இரண்டும் முடிந்துவிட்டது" என்றேன். அந்த அம்மாள் குனிந்து பேனாவைத் திருகினாள். சிரிப்பை அடக்கினாள் என்று நினைக்கிறேன்.

பிறகு தலைவர், ரொம்பத் தன்மையாக: "உங்கள் மதத்தில் மற்றவர்கள் காலைத் தொட அனுமதி உண்டா?"

"எங்கள் ஊரில் பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவோம். இங்கேதான் சாக்ஸுக்குள் போட்டு மூடி அழுகவிடுகிறீர்கள்."

பாதி பொய். இவர் ரசத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டதும் இதே கேள்விதான். ஐயாயிரம் மைல் தள்ளி வந்தும் ஒரே கேள்வி, நிறம்தான் வேறு. அந்த ஆத்திரத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

கடைசியாக, நான் ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்றார்கள். எலும்பு பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை. அதனால் சொன்னேன். கீழே ஒரு மாணவி சர்க்கரை உண்டா என்று கேட்காமல் என் காலில் கத்தி வைத்தாள், எனக்கு உண்டென்றால் நாளைக்கு விரலே போய்விடும் என்றேன். எழுந்து திரும்பினால் கதவருகே அதே பெண், என் ஷூவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு.

அக். 1, வெள்ளி

தூறல். ட்யூட்டி.

அந்தப் பெண்ணின் முகம் போகமாட்டேன் என்கிறது. அந்தக் கட்டடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தது அவள் ஒருத்திதான். என் ஷூவைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான். அவளைப் போட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சொன்னது சரிதான். சொன்ன இடம் சரியில்லை. மீசைக்காரர் மேல் இருந்த கோபத்தை அவள் மேல் இறக்கினேன், அவ்வளவுதான்.

இவர் கேட்டார், "எப்படி?" நன்றாகச் செய்தேன் என்றேன். ஷூ கதை சொல்லவில்லை. சொன்னால் ஊர் வரைக்கும் போகும்.

மி. டாய்லை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். போகும்போது டிரைவரிடம் டிக்கெட் கேட்டார். கைரோபடிஸ்ட் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

அக். 14, வியாழன்

வெயில். துணியெல்லாம் உலர்ந்துவிட்டது. தபால்.

ஒரே உறைக்குள் இரண்டு கடிதம்.

முதலாவது: குழு மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தது. வருந்துகிறது. பயிற்சிக்குப் பின் எஞ்சும் பணிக்காலத்தைக் கருத்தில் கொண்டு இடம் அளிக்க இயலவில்லை. எதிர்காலம் சிறக்க வாழ்த்து.

இரண்டாவது, தலைவர் தனியாக டைப் அடித்தது: என் பாதங்கள், சிறு வயதில் காலணியே இல்லாமல் வளர்ந்தவை என்பதால், மாணவர்களுக்கு அபூர்வமான பாடமாக இருக்கும். 27ஆம் தேதி இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு வந்து அவற்றைக் காட்ட முடியுமா? தேநீர் வழங்கப்படும்.

மூன்று தடவை படித்தேன்.

நான் வேண்டாம். என் கால் வேண்டும்.

காலணியே இல்லாமல் என்று இந்தத் தலைவரிடம் யார் சொன்னது? ஆறு வயசிலிருந்து பதினைந்து வரைக்கும் கான்வென்ட்டில் வெள்ளை கேன்வாஸ் ஷூ, திங்கட்கிழமைதோறும் பாலிஷ், அழுக்கிருந்தால் முழங்கையில் அடி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காமலே எழுதிக்கொள்கிறார்கள்.

அழவில்லை. அடுப்படியில் பாத்திரத்தை எல்லாம் எடுத்து மறுபடி தேய்த்தேன்.

அக். 16, சனி

இவர் கடிதத்தைப் பார்த்துவிட்டார். மேஜையில் வைத்தது நான்தான்.

"உன் கால் என்ன பொருட்காட்சியா? எவன் இவன்? நான் ஃபோன் பண்ணிக் கேக்கறேன்."

இவ்வளவு கோபத்தில் இவரை நான் பார்த்து வருஷமாகிறது. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"மொதக் கடிதத்தப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அதுக்குக் கோபம் வரலியா?"

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். என் படிப்பு போனபோது வராத கோபம் என் கால் என்றதும் வந்துவிட்டது. கால் இவருடைய சொத்து போல. அந்தத் தலைவரும் காலைத்தான் பார்க்கிறார், இவரும் காலைத்தான் பார்க்கிறார்.

பிற்பகல் பரமேஸ்வரி. "என்ன சேட்டை பாருங்கோ. போகாதேங்கோ அக்கா, உங்களை வைச்சுக் காட்சி காட்டப் போயினம்" என்றாள். போகத்தான் போகிறேன் என்றேன். "ஏன்?" என்றாள். தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கோபம் என்னையே தின்றுவிடும். வேறு காரணம் இல்லை.

மி. டாய்ல் திரும்பி வந்தார். முழங்காலுக்குக் கீழே இல்லை. ஐம்பத்தாறு.

உஷா ராத்திரிச் சாப்பாட்டின்போது திடீரென்று, "தட்ஸ் நாட் ஃபேர், அம்மா" என்றாள்.

அக். 27, புதன்

வெக்கை. செருப்புப் போட்டுக்கொண்டுதான் போனேன். மாம்பழ நிறப் புடவை.

பெரிய வகுப்பறை. இருபது பேர், பெரும்பாலும் பெண்கள். மேடையில் நாற்காலி, முன்னால் ஸ்டூல், ஸ்டூல் மேல் வெள்ளைத் துண்டு. செம்பட்டை முடிக்காரியும் இருந்தாள். தண்ணீர் கிண்ணத்தோடு அவளைத்தான் அனுப்பினார்கள். முட்டி போட்டு உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்க்காமல், முதல் வார்த்தை: "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா?"

"இல்லை" என்றேன். "அன்றைக்கு நான் உன்னிடமே சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது."

"ஒரு வாரம் கிளினிக் பக்கம் விடவில்லை" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். இரண்டு காலையும் கழுவினாள்.

தலைவர் மரக்குச்சியோடு ஆரம்பித்தார். ஷூவையே காணாத பாதம். இயற்கையான விரிவு. நாகரிகம் தொடாதது. குச்சி என் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நுழைந்தது.

"மன்னிக்க வேண்டும்" என்றேன். வகுப்பறைக் குரல். இரண்டரை வருஷமாக வெளியே எடுக்காத குரல், எனக்கே திடுக்கென்றது. "அது தப்பு."

கான்வென்ட் ஷூவைப் பற்றிச் சொன்னேன். விரல் இடைவெளி முப்பது வருஷம் வார் செருப்புப் போட்டதால் என்றேன். குதிகால் வெடிப்பு ஊரிலிருந்து கொண்டுவந்ததல்ல, இங்கே நர்சிங் ஹோமில் ஈரத் தரையில் நாள் முழுக்க நின்று வந்தது. சுண்டுவிரல் தடிப்பு உங்கள் கல்லூரி நேர்முகத்துக்காக வாங்கின ஷூவில் வந்தது. யாரோ சிரித்தார்கள். தலைவர் குச்சியைக் கீழே இறக்கினார்.

நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. கால் ஸ்டூலில் இருந்ததால் செம்பட்டை முடிக்காரியிடம் சாக்பீஸை எடுக்கச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் பலகையில் வளைவை வரைந்தாள், பாரம் எந்த எலும்பிலிருந்து எந்த எலும்புக்கு இறங்குகிறது என்று அம்புக்குறி போட்டாள். மரத்துப்போன காலில் பாரம் தவறிய இடத்தில் என்ன ஆகும் என்று கேட்டேன். கை தூக்கினார்கள். மி. டாய்லின் பெயரைச் சொல்லாமல் பொத்தானைப் பற்றிச் சொன்னேன். கத்தியை எடுக்கும் முன்னால் நோயாளியின் ஷூவைக் கவிழ்த்து உதறுங்கள் என்றேன். இருபது பேனாவும் ஓடின. எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு.

தலைவர் நன்றி சொல்ல எழுந்தார். அதற்குள் முன்வரிசையில் கண்ணாடி போட்ட மாணவி ஒருத்தி கை தூக்கினாள். "நீங்கள் கைரோபடி எங்கே படித்தீர்கள்?"

"படிக்கவில்லை. இங்கே படிக்க இடம் கேட்டேன். இல்லை என்றுவிட்டார்கள்."

"ஏன்?"

"அவரைக் கேளுங்கள்."

இருபது முகமும் அவர் பக்கம் திரும்பின. கடிகாரத்தைப் பார்த்தார். தேநீர் தயாராக இருக்கும் என்றார். யாரும் எழவில்லை. செம்பட்டை முடிக்காரி துண்டை எடுக்க வந்தாள், நான் ஸ்டூலிலிருந்து காலை எடுக்கவில்லை. அவர் பதில் சொல்கிற வரைக்கும் எடுப்பதாக இல்லை.

"வயது" என்றார் கடைசியில், என் காலைப் பார்த்து.

முன்வரிசைப் பெண் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.